வேறொருவருடைய ஆம்புலன்ஸ்

இரவு இரண்டு பத்துக்கு
என் கதவைத் தட்டினார்கள்.
நான் சாகவில்லை என்று
நானே அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்போக்கேன் நகரம். மூன்றாவது மாடி. பிப்ரவரி.
ஸ்ட்ரெச்சரின் சக்கரங்களிலிருந்து
பனி உருகி என் மிதியடியில் சொட்டுகிறது.
"மிலோராட் வுகாசோவிச் எங்கே?"

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்,
முகம் தெரியாது.
எனக்கு முன் இங்கே குடியிருந்தவர்.
குளியலறைச் சுவரில் அவர் அடித்த ஆணி,
அடுப்புக்குப் பின்னால் பாதி டப்பா மிளகாய்த்தூள்,
இன்னும் என் பெட்டிக்கே வரும் அவருடைய கடிதங்கள்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அவர்கள் நம்பவில்லை.
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்கள்,
குளியல் தொட்டியின் திரையை விலக்கினார்கள்.
"அழைப்பு இந்த முகவரியிலிருந்துதான்" என்றாள்
ரோஷெல் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தவள்.
"பேச்சு இல்லை, மூச்சு மட்டும்.
பிறகு எதுவோ விழுந்த சத்தம்.
லைன் இன்னும் திறந்தே இருக்கிறது."

என் வீட்டில் தொலைபேசி கிடையாது.
கம்பி நுழைந்த துளையைக்கூட
வண்ணம் பூசி மூடிவிட்டார்கள்.
இப்போதெல்லாம் அது ஒரு சின்னப் பெட்டி;
இன்டர்நெட் எங்கே உண்டோ அங்கே அதற்கு ஊர்.
போர்வைக்கும் வாணலிக்கும் நடுவே சுருட்டி
அவர் அதைத் தன்னோடு கொண்டுபோயிருக்கிறார்.
போன இடத்தில் செருகியதும் டயல் டோன் வந்திருக்கும்.
அதே எண். தங்கை அழைத்திருப்பாள்.
பீட்சாக்காரனுக்கு வாயால் வழி சொல்லியிருப்பார்,
அவனும் வந்திருப்பான்.
பிறகு ஏன் சந்தேகம் வரப்போகிறது?

கணக்குப் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில்
அவசர அழைப்புக்கான முகவரி என்ற
ஒற்றை வரி மட்டும் அவரோடு கிளம்பவில்லை.
பதினான்கு மாதம்
வாடகை தராமல் என்னோடு குடியிருந்திருக்கிறது.
வாய் அடைத்துப்போன மனிதருக்காக
இன்று அது பேசியது.
தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது, பாவம்.

அப்போதுதான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.
எலுமிச்சைக் காந்தத்தின் கீழே மஞ்சள் தாள்.
கடிதங்களைத் திருப்பி அனுப்பவென்று
தபால்காரர் எழுதித் தந்தது:
பியூட், மொன்டானா, ஒரு தெரு, ஒரு எண்.
(மூன்றில் ஒன்றைத்தான் அனுப்பியிருப்பேன்.
சோம்பல்.)

ரோஷெல் தாளைப் பிய்த்து
ரேடியோவில் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.
ஐந்நூறு கிலோமீட்டர்.
நடுவில் மலைகள், ஒரு முழு மாநிலம்,
கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம்.
இங்கே ஒன்பது ஒன்று ஒன்று அழுத்தினால்
இந்த ஊர்தான் எடுக்கும்.
அந்த ஊரைப் பிடிக்கப் பத்து இலக்க எண் வேண்டும்.
தேடுகிறார்கள் என்றாள்.

நாங்கள் மூவரும் சமையலறையில் நின்றோம்,
யாருக்கோ வந்த விருந்தாளிகள் போல.
டீ வேண்டுமா என்று கேட்டேன்.
ஏன் கேட்டேன்?
ஸ்ட்ரெச்சரில் விரித்த வெள்ளைத் துணியில்
ஒரு சுருக்கம்கூட இல்லை.

நெடுநேரம் கழித்து ரேடியோ கரகரத்தது.
திறந்த லைனில் காது வைத்திருந்தவர் சொன்னார்:
நாய் குரைக்கிறது.
கதவை உடைக்கிறார்கள்.
யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
பெயரைத் தப்பாகத்தான் உச்சரிக்கிறார்கள்.
பிறகு ஒருவர் ரிசீவரை எடுத்துத்
தாங்கினில் வைத்துவிட்டார்.
லைன் போயிற்று.

ரோஷெல் மன்னிப்புக் கேட்டாள், துணியை மடித்தாள்.
லிஃப்டில் இறங்கும் சக்கரச் சத்தம்.

பத்து நாளில் ஆம்புலன்ஸ் பில் வந்தது,
அவர் பெயருக்கு, என் முகவரிக்கு.
என் தெருவை அடித்துவிட்டு
அவர் தெருவை எழுதினேன்,
பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.
தபால் பெட்டிவரை பனியில் நடந்தேன்.

இறந்தவர்களுக்கும் பில் வரும், தெரியும்.
ஆனால் ஆளில்லை என்று முத்திரை விழுந்தால்
கடிதம் திரும்பி வர வேண்டும்.
இன்றோடு மூன்று வாரம்.
இன்னும் வரவில்லை.