ஒன்றரை மில்லிமீட்டர்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த கனெக்டர்
மேசைமேல் கிடக்கிறது.
பார்வைக்கு மாட்டியது போலத்தான் இருந்திருக்கும்.
ஒன்றரை மில்லிமீட்டர் குறை.
அந்தச் சந்தில் கடல் புகுந்து
பித்தளை முள்ளைப் பச்சையாக்கியிருக்கிறது.

"மாட்டினேன் மேடம், சத்தியமா" என்கிறார் அஞ்சாப்புலி.
பொய்யில்லை.
இருட்டு, அலை, ஈரக் கை.

சேதராப்பட்டில் மழை. மூன்றாம் ஷிப்ட்.
கட்டைவிரல் நகமளவு கூட்டுக்குள்
ஒரு ஸ்பிரிங்குக்கு இடம் தேடுகிறேன்.
முழுதும் நுழைந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும்,
பாதியில் நின்றால்
வெளியே தள்ள வேண்டும்.
பாவம் பார்க்கக் கூடாது.

தள்ளுகிறேன். துப்புகிறது.
மறுபடி. துப்புகிறது.
ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி
நாலாவது தடவை
டக்.

விளக்கை அணைக்கிறேன்.
உப்பு கரைத்த வாளியில் கையை முக்கியெடுத்து,
ஒற்றைக் காலில் நின்றபடி
இன்னொரு தரம்.