விளி வேற்றுமை

பந்தலூர் தாலுகா ஆபீஸ் எதிரே
என் ஜெராக்ஸ் கடையில்
ஆடி மாதம் காகிதம்கூடத் தொய்யும்.
இடுப்புப் படங்கை வாசலில் உதறிவிட்டு
அழகாயி உள்ளே வந்தாள்.

கப்பலில் சமையல் பார்த்த மகன்
ரோட்டர்டாம் துறையில் செத்துப் பதினொரு மாதம்.
பெட்டி வந்தது. சான்றிதழ் வரவில்லை.
"அந்த ஊர்க் கந்தோருக்கு
ஒரு கடுதாசி போடு தம்பி."

கந்தோர்.
தலைமன்னாரில் கப்பலேறிய எங்கள் ஆட்கள்
மண்டபம் முகாமில் சோதனைக்குக் காட்டாமல்
வாயில் போட்டுக் கொண்டுவந்த சொல்.
அது டச்சுக்காரன் சொல் என்பதே
மேயரை எப்படி விளிப்பது என்று
தேடப்போன அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.

என்னிடம் இருந்தது மூன்று படி:
ஐயா, உயர்திரு, மாண்புமிகு.
அவர்களிடம் ஏணியே இருந்தது.
மந்திரிக்கு ஒன்று. எம்.பி.க்கு
ஹோகேடல்ஹெஸ்ட்ரெங்க:
உயர்ந்தவர், மாண்பர், கண்டிப்பானவர்,
மூன்று பேரும் ஒரே குடைக்குள்.
"கண்டிப்பானவரா?
எங்க கண்டக்டரையாவும் அப்படித்தான்."

மேயருக்கு ஏடலாஹ்த்பாரெ.
நீதிபதிக்கும் அதேதான் என்றேன்.
"தீர்ப்பு சொல்றவருன்னா
இன்னும் கொஞ்சம் பெருசா அடி."
எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன்.

ஐப்பசியில் பதில் வந்தது.
மகன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது,
பரவாயில்லை என்றாள்.
உறைமேல் அவள் பெயருக்கு முன்னால்
நாக்கில் நிற்காத நீளத்தில் ஒரு சொல்.
ஓய்வுபெறப் போகிற கிளார்க் எவரோ
பழைய பழக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.
பட்டியலில் ஆகக் கீழ்ப்படி அது,
பட்டம் ஏதுமில்லாத யாருக்கும் போடுவது.
வெலேடல்ஹெபோரென்.
நன்றாக, மாண்போடு, பிறந்தவர்.

நாலாம் டிவிஷன் பேரேட்டில்
அவள் நூற்றுப் பன்னிரண்டு.
கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அதுதான் பெயர்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல பொறப்பப் பத்தி எழுதியிருக்குன்னியே,
சாதிச் சான்றிதழ் மனுவோட
இதையும் சேர்த்து வைக்கலாமா?
எங்க பொறந்த, யாருக்குப் பொறந்தன்னு
மூணு வருசமாக் கேக்குறாங்க."

கண்ணாடிமேல் உறையைக் கவிழ்த்தேன்.
முதல் நகல் கறுப்பாக வந்தது, ஈரம்.
இரண்டாவதில் அந்தச் சொல் மட்டும் தெளிவு.

பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்
என்று அடித்தாயிற்று.
அனுப்புநர் என்ற இடத்தில்
அழகாயிக்கு முன்னால்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.