தூக்கிய அச்சு

இரவு இரண்டு பதினேழுக்கு
கோட்டையூரில் என் தலைமாட்டில் அவர் போன் அதிர்ந்தால்
அரியலூர் சிமெண்ட்டு திருச்சி தாண்டிவிட்டது என்று அர்த்தம்.
யாரும் பேச மாட்டார்கள்.
இவ்வளவு கழிந்தது, இவ்வளவு மீதி.
புரண்டு படுப்பேன்.
அடுத்த அதிர்வு திருமயத்துக்குப் பக்கத்தில்.
அப்புறம் நாலரைக்கு சேவுகன் ஹாரன்.

போன செவ்வாய் அதிரவில்லை, அடித்தது.
"ஆச்சி, டேக்கு எடுக்க மாட்டேங்குது.
சிவப்பு லைட்டு. பின்னாடி ஏழு வண்டி நிக்குது."

அந்த ஸ்டிக்கர் ஒட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.
கண்ணாடிக்கு உள்பக்கம், நடுவில்,
பிள்ளையார் படத்துக்கு ஒரு சாண் மேலே.
ஒட்டிய பையன் சொன்னான்,
இதுக்குள்ள பாட்டரி கிடையாது.
கூரையில் தொங்கும் பெட்டி ஓர் அலையை வீசும்.
அந்த அலையிலேயே ஒரு மூச்சு கடன் வாங்கித்
தன் நம்பரைச் சொல்லும்.
சொன்னதும் பழையபடி வெறும் காகிதம்.
கடன் வாங்கின உயிரா,
எங்கள் ஊரில் அதற்கும் வட்டி போடுவார்கள் என்றேன்.
பையன் வெளியூர். சிரிக்கவில்லை.

நம்பரோடு விடுவதில்லை.
தார்ச்சாலைக்கு அடியில் புதைந்த கம்பிச்சுருள்
இரும்பு வந்ததை அறிந்துகொள்ளும்.
கம்பத்துக்குக் கம்பம் ஓடும்
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைச்
சக்கரம் அறுக்க அறுக்க
அச்சு எண்ணப்படும்.
தரையே தராசாகிப் பாரம் பார்க்கும்.
அதற்குள் நம்பர் பேங்க்குக்கு ஓடி,
வகை சரியா, காசு உண்டா,
கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு
திரும்பி வந்துவிடும்.
சேவுகன் கியர் மாற்றுமுன் கட்டை எழும்.

அன்று எழவில்லை.
காசு இருந்தது, நாலாயிரத்துச் சொச்சம்.
ஆள்தான் இல்லை.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் சாத்தப்பன்.
அவர் போய்ப் பதினாலு மாதம்.
உரிமையாளர் விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி
பேங்க் ஆறு தடவை எழுதியிருக்கிறது.
'அன்புள்ள சாத்தப்பன்' என்று தொடங்கும் எதையும்
நான் திறப்பதில்லை.

"பணமாக் கட்டினா ரெண்டு மடங்கு ஆச்சி.
போன்ல அனுப்பினா ஒன்னேகால்."
ஒன்னேகால் அனுப்பினேன்.
பின்னால் நின்ற ஏழு வண்டியும்
ஹாரனை விட்டுக் கையெடுத்திருக்கும்.
அன்று விடிந்து ஐந்தேகாலுக்குத்தான் சேவுகன் வந்தான்.
என்னைப் பார்க்காமல் தார்ப்பாயை அவிழ்த்தான்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று,
வண்டி முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்.
பக்கவாட்டுப் படத்தில் வண்டி காலி.
காலி என்பதால் ஓர் அச்சைத் தூக்கிவிட்டிருந்தான்,
டயர் தேயுமே என்று.
மற்ற சக்கரமெல்லாம் மண்ணில் இருக்க
அது மட்டும் நாலு விரல் உயரத்தில்
யாரையும் தொடாமல் நின்றது.

காரைக்குடி பேங்க்கில் கேட்டேன்,
தூக்கி வைத்த அச்சுக்கும் காசா?
கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தப் பெண்,
"தரையில பட்டாலும் படாட்டியும்
பதிவுல நாலுன்னா நாலுதான் மேடம்."

எங்கள் கோயிலில் கல்யாணமானால் ஒரு புள்ளி.
வரி புள்ளிக்கு இவ்வளவு.
அவர் போன பிறகு வந்த கணக்கில்
என் பெயருக்கு எதிரே அரைப்புள்ளி.
பாதி கட்டினால் போதும் ஆச்சி என்றார்
கணக்கெழுதும் முத்துக்கருப்பன், தணிந்த குரலில்,
ஏதோ எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த மாதிரி.
சண்டை போடவில்லை.
பாதியை எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணிடம்
இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்க நினைத்தேன்.
டோக்கன் நம்பர் மாறிவிட்டது.

புது டேக் ஒட்டியாயிற்று.
நேற்றிரவு வண்டி காலியாக அரியலூர் திரும்பியது.
ஒன்பது மணிக்கு அதிர்ந்தது. இந்தத் தடவை என் போன்.
சிகப்பி என்பதை இங்கிலீஷில் ஓர் எழுத்தை விட்டு எழுதியிருந்தார்கள்.
தூக்கிய அச்சோடுதான் போயிருப்பான்.
முழுத்தொகை கழிந்திருந்தது.