ஒன்று, ஐந்து, ஒன்பது

இரவு மூன்று மணிக்கு
இரண்டாம் முறையாக எழுந்தபோது
அவனும் விழித்திருந்தான்.
குளியலறை வாசலில் விரித்த செய்தித்தாள்மேல்
காலைத் தூக்கியபடி நின்றான்.
உள்ளே நான் நின்றேன்.
இருவருக்கும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்தது, வழக்கம்போல்
சொட்டுச் சொட்டாய், நம்பிக்கையில்லாமல்.
அவனுக்கு ஒரே துளி.
இளஞ்சிவப்பாய்ப் பரவி
வீடு விற்கும் விளம்பரத்தில்
ஒரு படுக்கையறையை நனைத்தது.

மிக்சர் என்று பெயர்.
உரிமத் தாளில் இனம் கேட்ட கட்டத்தில்
'கலப்பு' என்று எழுத வேண்டியிருந்ததால்
மகள் வைத்தது.
மருத்துவமனையில் தாதி அழைத்தாள்:
"மிக்சர் வேலப்பன்."
வேலப்பன் என் அப்பா.
வீட்டுக்குள் நாயே கூடாது என்றவர்.
எழுந்து போனேன்.

டாக்டர் குவெக் என் கையைப் பிடித்து
அவன் அடிவயிற்றில் வைத்தார்.
பழுக்காத மாங்காய்.
படத்தில், பைக்குள் வெள்ளையாய் எட்டுக் கற்கள்.
குழாயில் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாய்,
வெள்ளிக்கிழமை மாலை
உட்லண்ட்ஸ் பாலத்தில் நிற்கும் கார்கள்போல.

"ஆண் நாய்க்கு அதற்குள் ஓர் எலும்பு உண்டு."
ஐம்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.
எலும்பில் ஒரு பள்ளம், பள்ளத்தில் குழாய்.
எலும்பு விரிந்துகொடுக்காது.
கல் அங்கே வந்து மாட்டும்.

உப்புநீரைப் பாய்ச்சிக்
கல்லைப் பைக்கே திருப்பி அனுப்பிவிட்டால்
பையைத் திறந்து எடுப்பது எளிது என்றார்.
இது எனக்குப் புரிந்தது.
முப்பது வருடமாய் மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்.
இரண்டு மாடிக்கு நடுவே கவ்விக்கொண்ட பெட்டியைக்
கீழே இழுக்கக் கூடாது.
முதலில் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும்.

இரண்டு கல் போயின.
ஒன்று போகவில்லை.

காகிதம் வந்தது:
பையைத் திறக்க ஒரு கையெழுத்து.
விரையும் பையும் நீக்க ஒன்று.
அவை இருந்த இடத்தில்
குழாய்க்குப் புது வாய் வைக்க ஒன்று.
எட்டாயிரத்து இருநூறு வெள்ளி, மூன்று தவணை.
"புராஸ்டேட்டும் வீங்கியிருக்கிறது,
விரை போனால் அதுவாகச் சுருங்கும்."
"எல்லா ஆணுக்குமா?" என்றேன்.
டாக்டர் காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.
"நான் நாய் வைத்தியர்."

செண்பகா தொலைபேசியில் அழுதாள்.
தினமும் கீரைச் சாதம் ஊட்டியது அவள்தான்.
கீரை மட்டும் காரணமில்லையாம் என்றேன்.
அந்த 'மட்டும்' அவளுக்குப் போதவில்லை.

கற்களைச் சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் தந்தார்கள்.
குலுக்கினால் மிளகுச் சத்தம்.
வேனில் கருவிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்,
பலதுறை மருந்தகம் எனக்குக் கொடுத்த கடிதத்தின்மேல்.
அடுத்த வியாழன், காலை ஒன்பது இருபது.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் புளோக்கில் முன்பெல்லாம் மின்தூக்கி
ஒன்றில், ஐந்தில், ஒன்பதில்தான் நிற்கும்.
பிறகு சுவரை உடைத்து
எல்லா மாடிக்கும் வாசல் வைத்தோம்.
அதில் நானும் தூசி தின்றேன்.
வாசல் திறந்த பிறகும்
நாலாம் மாடி லியோங்
பல மாதம் ஐந்தில் இறங்கி
ஒரு மாடி நடந்தே போய்க்கொண்டிருந்தார்.
கேட்டால், கால் தானாகப் போகிறது என்பார்.

பதினாறாம் நாள் கூம்பைக் கழற்றிக்
கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனேன்.
புல்லோரம் அவனுடைய பழைய மரம்.
முகர்ந்தான், சுற்றினான், குறிபார்த்து
வலது காலைத் தூக்கினான்.
மரத்துக்கு ஒரு துளியும் போகவில்லை.
இரண்டு பின்னங்காலுக்கு நடுவே
நேராக, தடையில்லாமல்,
சத்தத்தோடு கொட்டியது.

காலை இறக்கவில்லை அவன்.
முடியும்வரை
மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு
அவசரமில்லாமல் காத்திருந்தேன்.