கேட் போட்டிருந்த நேரம்

கொடும்பாவி கட்டச் சொல்லி
வட்டச் செயலாளர் முந்நூறு ரூபாய் கொடுத்தார்.
வைக்கோல் எழுபது. மூங்கில் பந்தல்காரனிடம் சும்மா.
மீதி டீக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போச்சு.
புடவைதான் கிடைக்கவில்லை.

வேளாங்கண்ணியிடம் கேட்டேன்.
எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு
"யாருக்கு?" என்றாள்.
கிருபையக்காவுக்கு என்றதும்
பீரோவைப் பூட்டிச் சாவியை
ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

நேற்று மாமன்றத்தில்
எங்கள் பக்கத்துக் கைகள் எல்லாம் எழுந்தபோது
ஒன்று எழவில்லை.
ஆறு பிரசவ விடுதிகளில் ராத்திரி வேலையை நிறுத்தி
ஒரே பெரிய கட்டடத்தில் சேர்க்கிற தீர்மானம்.
சீரமைப்பு என்று பெயர்.
ஏசி இருக்கிறது, லிப்ட் இருக்கிறது,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
அக்கா மைக்கை இழுத்து ஒரே வரி பேசினாளாம்:
"கேட் போட்டுட்டா கொயந்த காத்துனு இருக்குமா?"

தீர்மானம் நிறைவேறியது.
ஒரு கை குறைந்ததில் எதுவும் குறையவில்லை.
ஆனாலும் கட்சி கட்சிதானே.

புடவைக்குப் பதில் பழைய மாநாட்டு பிளெக்ஸைச் சுற்றினேன்.
முகத்துக்கு, போன தேர்தல் போஸ்டரில்
கும்பிட்ட கையை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் எடுத்தேன்.
அன்றைக்கு இந்தத் தெரு முழுக்க
அதை ஒட்டியவனும் நான்தான். அதே மைதா பசை.

கொருக்குப்பேட்டை கேட் போட்ட நேரமாகப் பார்த்துக் கொளுத்தினோம்.
கூட்டத்தை நாங்கள் திரட்ட வேண்டியதில்லை,
சரக்கு ரயில் திரட்டிக் கொடுக்கும்.

"எவ்ளோ துட்டு வாங்கிச்சாம்?"
பைக்கை அணைக்காமலே ஒருத்தன்.
"வாங்கட்டுமே. வாங்கினு நம்ம பேச்ச தானே பேசிச்சு"
அன்னக்கூடையில் சங்கரா வைத்திருந்தவள்.
"சின்னத்துல நின்னு ஜெயிச்சிட்டு இன்னா வீராப்பு,
ராஜினாமா பண்ணிட்டுப் பேசட்டும்"
டிபன் கேரியரோடு ஒரு பெரியவர்.
"எங்க தெரு கால்வா பொங்கி மூணு தபா மனு குத்தோம்,
அப்ப இந்த வாய் எங்க பூட்ச்சி?"
அதற்கு யாரிடமும் பதில் இல்லை, என்னிடமும்.
ஸ்கூல் பையன் செல்போனை நீட்டி,
"அண்ணே, இப்டி திருப்பு, மூஞ்சி தெர்ல" என்றான்.
திருப்பினேன்.

பிளெக்ஸ் கறுப்பாகச் சொட்டிச் சொட்டி எரிந்தது.
மடிப்பு விரிந்ததில் தலைவரின் பாதிக் கன்னம் தெரிய,
செயலாளர் பதறி எட்டி உதைத்தார்.
உதைத்த வேகத்தில் மூங்கில் நிமிர்ந்து
ஒரு கை மேலே போனது.
சிரிக்கலாமா வேண்டாமா என்று
கூட்டம் ஒரு கணம் முழித்தது.
"ஒழிக" என்று கத்தினோம்.
ரயில் அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

நர்ஸ் சுகிர்தா அந்தப் பக்கம் நின்றிருந்தாள்,
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் விட்டு விட்டுத் தெரிந்தாள்.
செவ்வாய்தோறும் வேளாங்கண்ணிக்கு
பிரஷர் பார்த்து அட்டையில் எழுதுகிறவள்.
கேட் தூக்கியதும் என்னைத் தாண்டிப் போனாள்.
சாம்பலை மிதிக்காமல்
புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்தேன். விரல் எல்லாம் பெட்ரோல்.
வேளாங்கண்ணி சோறு போட்டாள். திட்டவில்லை.
அட்டையில் போட்டிருக்கும் தேதி
ராத்திரி விளக்கை அணைக்கப்போகும் ஒன்றாம் தேதிக்கு
ஒன்பது நாள் தள்ளி.
அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

ரசம் ஊற்றும்போது கேட்டாள்:
"எவ்ளோ நேரம் போட்டு வச்சிருந்தான் கேட்ட?"
இருபத்தாறு நிமிஷம் என்றேன்.
கொளுத்தினது நாலு நிமிஷந்தான்.
மீதி நேரம்
எல்லாரும் சும்மா நின்னுனு இருந்தோம்.