சன்னமாக வைத்தால்

ஓசூரில் மூக்கண்டப்பள்ளி, நான்காவது குறுக்குத் தெரு,
மாடியில் ஒற்றை அறை.
ஹாரன் சோதிக்கிற வேலை எனக்கு.
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஹாரன்,
ஒவ்வொன்றும் ஒருமுறை அலறிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும்.
காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் கவசம்,
அதற்கும் மேல் சூப்பர்வைசர் லிங்கோஜி ராவ்.

அதனால் வீட்டில் எனக்கு வேண்டியது
ஒரு சிட்டிகை சத்தம்.
மேசை ஓரத்தில் செங்கல் அளவு ஆம்ப்ளிஃபையர்,
ஆயிரத்து எழுநூறு ரூபாய், பில் கிடையாது.
திருகைக் கடிகார முள்ளாக வைத்துக்கொண்டால்
எட்டு மணியைத் தாண்ட விடமாட்டேன்.
சுவருக்கு அந்தப்புறம் நாகவேணியின் கைக்குழந்தை.
அது எழுந்துவிட்டால் சுவரில் இரண்டு தட்டு.
தமிழும் கன்னடமும் தேவைப்படாத பேச்சு அது.

கார்த்திகைப் பனியில் தொடங்கியது.
இடது பக்கம் தம்புரா, வலது பக்கம் குரல்
என்று பிரித்துப் பதிந்த ஒரு கச்சேரி.
பாதி ஆலாபனையில் இடது போயிற்று.
விளக்கு அணைவதுபோல இல்லை,
கூட உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனதைக்
கொஞ்சம் கழித்துக் கவனிப்பதுபோல.
குரல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது,
கைப்பிடி இல்லாத படியில்.

திருகைப் பத்து மணிக்குத் தள்ளினேன்.
டப்.
தம்புரா எழுந்தது, குழந்தையும் எழுந்தது.
தட்டு, தட்டு.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன்.
போனை மாற்றினேன், ஒயரை மாற்றினேன்.
திருகின் இடுக்கில் கிளீனர் அடித்தேன்,
இரண்டு நாள் அறையில் பெட்ரோல் பங்க் வாசம்,
இடது மட்டும் வரவில்லை.
பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் தலை நிமிராமலே கேட்டார்:
‘சத்தமா வெச்சா வருதில்ல?
அப்ப சத்தமாவே வெச்சுக் கேளுங்க.’
காதைப் பரிசோதிக்கச் சொல்லி நான் எழுதிக்கொடுத்த தாள்
பதினாலு மாதமாக லிங்கோஜியின் டிராயரில் கிடக்கிறது.
அதையும் சன்னமாக எழுதியிருப்பேன்.

அன்றிரவுதான் அந்தச் சந்தேகம் வந்தது.
எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்,
ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
இப்போது வலது காதில் ஒன்றுமில்லை.
அப்பாடா.
பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன்.
உள்ளே, பாதித் தீப்பெட்டி அளவில் ரிலே.
சுவிட்சைப் போட்டு மூன்று விநாடி கழித்து
‘டிக்’ என்று கதவு திறக்கிற வாட்ச்மேன் இவன்தான்.
பிளேடால் மூடியை நெம்பிப் பார்த்தால்
இரண்டு சின்னப் பொட்டுகள், முத்தமிடுகிற இடத்தில் கறுப்பு.
பெரிய சத்தம் அந்தக் கறையை உடைத்துக்கொண்டு
உள்ளே போய்விடும்.
சின்னது வாசலிலேயே நின்று
வந்த வழியே திரும்பிவிடும்.

சம்பளச் சீட்டின் ஓரத்தைக் கிழித்தேன்,
ஸ்பிரிட்டில் நனைத்தேன்,
பொட்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தேன்.
காகிதத்தில் ஒரு மைக்கோடு.
இன்னொரு முறை, கொஞ்சம் வெளிறிய கோடு.
ஆறாவது இழுப்பில் காகிதம் காகிதமாகவே வந்தது.

டிக்.
எட்டு மணி. எட்டுக்கும் கீழே.
சுவர் அமைதியாக இருந்தது.
வலது பக்கம் குரல்.
இடது பக்கம் இருக்கிறதா இல்லையா
என்று எனக்கே தெரியவில்லை.
ஸ்பீக்கரின் கூம்பில் விரல் நுனியை வைத்தேன்.
தம்புரா இருந்தது,
விரலுக்கு.

கையை எடுக்காமல்
நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இன்னொரு முறை திருப்பிப் போடலாமா
என்று.