நகல் மனு

குத்தாலம் சார்பதிவகத்தில்
பழைய புத்தக அறைக்கு நான்தான் சாவி.
வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள்
பாக்கி வசூலிக்க வந்த முகத்தோடு.

முப்பத்திரண்டு நாடகத்தையும்
கோடங்குடி மாசிலாமணி எழுதவில்லையாம்.
வண்டிக்காரன் மகன், மூன்றாம் வகுப்பு.
தர்பாரில் யார் முதலில் உட்காருவதென்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

ஓய்வுபெற்ற பொறியாளர் அமிர்தகடேசன்
ஐந்தாம் நாடகத்தின் முதலெழுத்துகளைக் கோத்து
ஒரு ஜில்லா நீதிபதியின் பெயரை வரவழைத்திருக்கிறார்.
இரண்டு எழுத்து மிச்சம்.
மதகென்றால் அவ்வளவு கசியும் என்கிறார்.

லூர்து செல்வராணிக்கு வேறு ஆள்,
ராணி வேஷம் கட்டிய கனகாம்புஜம்.
அவள் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் இறந்த பிறகு
எந்த நாடகத்திலும் எந்த ராணியும்
தனியாக நின்று பேசவில்லை.
இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாமவர் ஆர்மோனியக்காரரின் பேரன்.
ஒன்றும் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்தார்.

கைரேகைப் புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தேன்.
மாசிலாமணி, இடது பெருவிரல்,
மை கொஞ்சம் இழுபட்டு.
"கைநாட்டு!" பொறியாளர் துள்ளினார்.
பேரன் டார்ச் பிடிக்க, செல்வராணி படம் எடுத்தார்.
இந்தப் புத்தகத்தில்
அந்த நீதிபதியே வந்தாலும் கட்டைவிரல்தான் என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.

நகலுக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டு
மாயவரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

மத்தியானம் உட்கார்ந்து பிரதி எடுத்தேன்.
நான்கு மா நஞ்சை கிரயம்,
படுதாவுக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் பட்ட கடனுக்காக.
பத்திர மொழியில் விற்கிறவனுக்குப் பெயர்
எழுதிக்கொடுத்தவர்.
எழுதத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை.

பிறகு செக்குபந்தி:
வாய்க்காலுக்கு வடக்கு,
யார் வயல் என்று கேட்டு அது நனைத்ததில்லை.
சித்தப்பன் நஞ்சைக்கும் அவன் கோபத்துக்கும் கிழக்கு.
வீரசோழன் ஆற்றுக்குத் தெற்கு.
சுடுகாட்டுப் பாதைக்கு மேற்கு,
அது அனைவருக்கும் பொது.

பேனாவை மூடி வைத்தேன்.
இதை மாசிலாமணி வாயால் சொன்னானா,
பத்திரம் எழுதிய தேரழுந்தூர் ஷேக் மதார் ராவுத்தர்
தானாகப் போட்டாரா,
இல்லை, புத்தகத்தில் பெயர்த்தெழுதிய குமாஸ்தா,
அன்று இதே நாற்காலியில் இருந்தவன்,
தூக்கம் கலையச் சேர்த்ததா?

மின்விசிறி நின்றுபோயிருந்தது.
மறுபடி எழுத ஆரம்பித்தேன்.
சித்தப்பன் நஞ்சைக்கும் அவன்
பழைய கோபத்துக்கும் கிழக்கு.

'பழைய' அசலில் கிடையாது.
இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஒத்துப் பார்த்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.
முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினேன்:
அசலுக்குச் சரியான நகல்.